மாடியிலே ஒரு அறை

போன வெள்ளிக்கிழமை, விளக்கேற்றும் நேரம். எதிர் வீட்டு மாமி கையில் ஒரு நீளக் கவருடன் வந்து நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"ஏம்மா, நீ வக்கீல்தானே? இதைப் படித்துச் சொல்லு. வீட்டை இடிக்கப் போகிறார்களாமே!"

படித்துப் பார்த்தேன். வீட்டை அல்ல, மாமி சென்ற வருஷம் மொட்டை மாடியில் கட்டிய அறையையும், அதற்காகப் பக்கத்துச் சந்தில் ஏற்றிய படிக்கட்டையும் பற்றிய நோட்டீஸ் அது. அனுமதி வாங்காமல் கட்டியவை. பெண்ணின் பிரசவத்துக்கு என்று, மாமா ஓய்வு பெற்ற பணத்தைப் போட்டுக் கட்டியது. படிக்கட்டு வந்த பிறகு அடுத்த வீட்டுச் சமையலறை இருண்டுபோயிற்று. அவர்கள் புகார் எழுதிவிட்டார்கள்.

"நம் மனை, நம் பணம். யாரைக் கேட்கவேண்டும்?" என்றாள் மாமி.

கேட்கத்தான் வேண்டும். தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971-இன்படி, வீட்டோடு ஓர் அறையைச் சேர்த்துக் கட்டுவதும் கட்டுமானம்தான். சுவருக்கு வெள்ளையடிக்க யாரையும் கேட்க வேண்டாம். தளம் போட்டு அறை எழுப்பினால் அனுமதி வேண்டும். வாங்காமல் கட்டினால் வேலையை நிறுத்தலாம், பூட்டி சீல் வைக்கலாம், இடித்துவிடச் சொல்லலாம். நாம் இடிக்காவிட்டால் அதிகாரிகளே இடித்து, அந்தச் செலவையும் நம்மிடமே வசூலிக்கலாம்!

"வீட்டு வரி கட்டுகிறேனே? மாடி அறைக்கும் சேர்த்துத்தானே வாங்கிக்கொள்கிறார்கள்?"

வரி ரசீது வரி கட்டியதற்குச் சாட்சி, அனுமதி ஆகாது. "நாளாகிவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள்" என்று மேஸ்திரி சொன்னதும் தவறு. எத்தனை வருஷம் கடந்தாலும், எவ்வளவு பணம் போட்டிருந்தாலும், அது சட்ட விரோதக் கட்டடத்தை நியாயமாக்கிவிடாது என்று 2024 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. பிற்பாடு அபராதம் கட்டி முறைப்படுத்தும் திட்டத்தை நம்பலாமா என்றால், அதற்கும் வழியில்லை. 2012-இல் சட்டத்தில் சேர்த்த அந்தச் சலுகை, 2007 ஜூலை 1-ஆம் தேதி வரை கட்டிய கட்டடங்களுக்குத்தான்.

மாமியின் கண் கலங்கிவிட்டது. "அப்படியானால் எல்லாம் போயிற்றா?"

இல்லை, மாமி. நோட்டீஸை அலமாரியில் போட்டு மூடுவதுதான் பெரிய தப்பு. அதில் சொன்ன கெடுவுக்குள், கட்டியதை வைத்துக்கொள்ள அனுமதி கேட்டு விண்ணப்பம் போடலாம். விதிக்கு உட்பட்ட பகுதிக்கு அனுமதி கிடைக்க வழியுண்டு. 2019-ஆம் வருஷத்து விதிகளின்படி சாதாரண வீட்டில் எல்லாத் தளங்களும் சேர்ந்து மனையைப்போல் இரண்டு மடங்கு வரை கட்டலாம். மாமியின் மனை அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி. ஆகவே 2,400 வரை போகலாம். கீழே 850, மாடி அறை 300. பரப்பளவில் தடையில்லை.

ஆனால் படிக்கட்டு? சுவருக்கும் எல்லைக்கும் நடுவே காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் விடவேண்டிய இடத்தில் அது நிற்கிறது. அதைக் காப்பாற்ற எனக்கு வழி தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்குள்ளிருந்தே மாடிக்குப் படி வைக்க முடியுமா என்று ஒரு நல்ல இஞ்சினீயரைக் கேட்கவேண்டும்.

சகோதரிகளே, நீங்கள் மேஸ்திரிக்கு முன்பணம் கொடுக்குமுன் மூன்று காரியம் செய்யுங்கள். பழைய அனுமதிப் படத்தைத் தேடி எடுங்கள். பதிவு பெற்ற இஞ்சினீயரிடம் புதுப் படம் போடச் சொல்லுங்கள். உங்கள் மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சியின் அனுமதி கைக்கு வந்த பிறகே செங்கல் இறக்குங்கள். அந்தப் படத்தைப் பத்திரத்தோடு வைத்திருங்கள். வங்கிக் கடன் வாங்கவும் வீட்டை விற்கவும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

மாமி கவரை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். வாசல் வரை போனவள் திரும்பி, "படிக்கட்டை எடுத்தால் அடுத்த வீட்டுக்காரிக்கு வெளிச்சம் வருமோ?" என்றாள்.

"வரும், மாமி."

"சரி, நானே போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன்."