மையில் தெரியாத மலை

அமெரிக்க இராணுவமே ஞானதிருஷ்டிக்காரர்களுக்குச் சம்பளம் கொடுத்தது. ஆகவே இலங்கையின் பதுளை மாவட்டத்து நமுனுகுல தோட்டங்களில் மை போட்டுக் குறி பார்ப்பதையும் பழிக்காதீர்கள் என்கிறார் நண்பர்.

சம்பளம் கொடுத்தது உண்மை. ஜோசப் மெக்மோனிகல் போன்றவர்கள் மூடிய அறையில் அமர்ந்து, கண்காணாத இலக்குகளை மனக்கண்ணால் கண்டு வரைந்ததாகச் சொன்னார்கள். ஏறத்தாழ 2 கோடி டொலர் போனது. 1995இல் நடந்த இத்திட்டத்தின் மதிப்பீட்டில், ஆய்வுக்கூட முடிவுகளில் ஏதோ இருக்கிறது என்றார் புள்ளியியலாளர் ஜெசிக்கா அட்ஸ். உளவியலாளர் ரே ஹைமன் மறுத்தார். ஒரு உளவு நடவடிக்கைக்கும் அது வழிகாட்டவில்லை என்று அறிக்கை முடிவு சொல்ல, திட்டத்தை மூடினார்கள். இந்தப் பாதியை நண்பர் ஏன் விழுங்கினார்?

இத்தகைய சக்திகளுக்கு நம் நாட்டிலேயே சோதனை இருந்தது. உறையிலிட்டு மூடிய ரூபாய் நோட்டின் இலக்கத்தைப் படிப்பவருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று 1963இல் பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர் அறிவித்தார். 1978இல் அவர் இறக்கும்வரை யாரும் அதை வெல்லவில்லை.

மை பார்ப்பது வெறும் நம்பிக்கைதானே என்று விட்டுவிட முடியாது. தோடு காணாமல் போனால், மையில் முகம் தெரிந்ததாகச் சொல்லி அடுத்த காம்பராப் பிள்ளையைத் திருடன் ஆக்குகிறார்கள். அந்தப் பிள்ளை எந்த நீதிமன்றத்தில் வாதாடும்?

மையில் தெரியாத ஆபத்தும் உண்டு. இதே பதுளை மாவட்டத்தில், மீரியபெத்தயில் மலை சரியும் ஆபத்தைத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்தது. ஞானதிருஷ்டியால் அல்ல, மண்ணை ஆராய்ந்து. தொழிலாளர் குடியிருந்த லயங்கள் அங்கேயே இருந்தன. 2014 ஒக்டோபர் 29 காலை மண் அவற்றை மூடியது. நண்பரே, உங்கள் தோட்டத்து லயங்களுக்கு மேலுள்ள சரிவைக் கடைசியாக யார் வந்து சோதித்தார்கள் என்று நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள்.