பிளே பொத்தான் மீது ஏன் இந்தப் பழி?

டிஜிட்டல் பியானோ வாங்கித் தரும் பெற்றோரும், சொல்லித் தரும் ஆசிரியர்களில் பலரும் ஒரே எச்சரிக்கையை விடுக்கிறார்கள்: அந்தப் பிளே பொத்தானைத் தொடாதே, தொட்டால் வாசிப்பே வராது. கருவி தானாகப் பாட ஆரம்பித்தால் பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும் என்று பயம். இந்தப் பயத்துக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. அமெரிக்க பேண்டு இசையமைப்பாளர் ஜான் பிலிப் சூசா, இயந்திர இசையின் ஆபத்தைப் பற்றி 1906-லேயே கட்டுரை எழுதினார். துளையிட்ட காகிதச் சுருளில் ஓடும் பியானோவும் கிராமபோனும் வந்தபின் வீட்டில் யார் சாதகம் செய்யப்போகிறார்கள் என்பது அவர் கவலை. அதில் நியாயம் இருந்தது. சுருள் பியானோ மனிதருக்குப் பதிலாக வாசித்தது. இன்றைய பியானோவில் உள்ள பதிவு வசதியோ, வாசித்தவருக்கே அவருடைய வாசிப்பைத் திருப்பிக் கேட்கக் கொடுக்கிறது. முன்னதற்கு எதிரான வழக்கில் பின்னதைக் குற்றவாளியாக நிறுத்துகிறார்கள்.

வாசிக்கும்போது நம் காது முழுநேர வேலை பார்ப்பதில்லை. கண் நோட்டேஷனில் இருக்கிறது, மனம் அடுத்த பாருக்கு ஓடிவிட்டது, கேட்பதற்கு மிச்சமிருக்கும் கவனம் சொற்பம். தொடக்க மாணவர்களில் பெரும்பாலோர் வாசிக்கும் ஜி மேஜர் மினுவெட்டையே பார்க்கலாம். அன்னா மக்தலேனா பாஹின் 1725-ஆம் ஆண்டு நோட்டுப் புத்தகத்தில் இருப்பது அது. அவருடைய கணவர் பாஹ் எழுதியதாக நெடுங்காலம் நம்பப்பட்டு, பெட்சோல்ட் என்ற இசையமைப்பாளர் எழுதியதென்று பிறகு தெரியவந்தது. முதல் பாரில் வலது கை சுண்டுவிரலால் டி வாசித்துவிட்டு, கட்டைவிரலில் தொடங்கி ஜி, ஏ, பி, சி என்று ஏறுகிறது. கட்டைவிரலுக்கு எடை அதிகம். ஜி முட்டிக்கொண்டு கேட்கும், மோதிரவிரலின் சி அமுங்கிப்போகும். வாசிப்பவருக்கு நான்கும் சமமாகவே தோன்றும். பதிவைக் கேட்டால் சாயம் வெளுத்துவிடும். பியானோ தனக்குள் செய்யும் இந்த மிடி பதிவில் ஒலியே கிடையாது: எந்தக் கீ, எப்போது அமுங்கியது, எவ்வளவு வேகத்தில், எப்போது விடுபட்டது என்பது போன்ற விவரம் மட்டும்தான். அமுங்கிய வேகத்தை அதிகபட்சம் 127 வரை ஓர் எண்ணாகக் குறித்துவைக்கிறது. ஒலி இல்லாமல் விவரம் மட்டும் இருப்பதால்தான் சுருதி இறங்காமல் வேகத்தைப் பாதியாகக் குறைத்துக் கேட்க முடிகிறது. வேகத்தில் மறைந்திருந்த தயக்கம், இடது கை ஒவ்வொரு பாரிலும் மயிரிழை பிந்தி வந்து சேர்வது, எல்லாம் அப்போது பிடிபடும்.

சரி, கருவியிலேயே ஏற்றிவைத்திருக்கும் பாடல்களோடு சேர்ந்து வாசிப்பது கெடுதல்தானே என்பார்கள். பாதி உண்மை. பல யமஹா மாடல்களில் 50 கிளாசிக்கல் துண்டுகள் இருக்கின்றன. அவற்றை முழுதாக ஓடவிட்டு மேலே வாசித்தால் கருவியின் ஒலியில் நம் தப்பு மூழ்கிவிடும், வாசித்த மாதிரி ஒரு திருப்தி மட்டும் மிஞ்சும். அதற்கு மருந்தும் அதே கருவியில் இருக்கிறது: வலது கைப் பகுதியை நிறுத்திவிட்டு இடதை மட்டும் ஓடவிடலாம். அதைவிட மேல், தன் இடது கையைத் தானே பதிந்து அதன்மேல் வலதை வாசிப்பது. மூன்றாவது பாரில் இடது தடுக்கினால் வலதும் அங்கேயே இடறும். யாருடைய தப்பு என்பதில் சந்தேகமே இருக்காது. மெட்ரனோமால் இதைச் சொல்ல முடியாது. இயந்திரத்தைச் சார்ந்துவிடுவார்கள் என்ற வாதமும் நிற்பதில்லை. டிரினிட்டி இசைக் கல்லூரி நடத்தும் ராக் அண்ட் பாப் தேர்வில் பின்னணி இசையோடு வாசிப்பதே முறை. எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டியோடு சாதகம் செய்கிறவரின் குரல் கெட்டுவிட்டதாக நம்மூரில் யாரும் புலம்புவதுமில்லை.

ஆசிரியரின் காது போதாதா? போதும், அவர் பக்கத்தில் இருக்கும் நேரத்தில். மற்ற நாட்களில் மாணவர் தப்பையே திரும்பத் திரும்ப வாசித்து அதைக் கைப்பழக்கமாக்கிக்கொள்கிறார். தப்பு எங்கே என்று பதிவு காட்டும். அதைத் திருத்தும் வழியைச் சொல்ல ஆசிரியர்தான் வேண்டும்.

போனில் பதிந்தால் ஆகாதா என்பது கடைசிக் கேள்வி. ஆகும், ஆனால் வேறு வேலைக்கு. போன் பதிவில் இரு கைகளும் ஒட்டிக்கொண்டு வரும், பிரித்துக் கேட்க வழியில்லை. பியானோவின் மிடி பதிவுக்குக் கேட்காத சங்கதிகள் அதில் விழும்: பெடலை மிதிக்கும் தடதடப்பு, கீயின் அடியில் விரல் மோதும் சத்தம், ஸ்பீக்கரிலிருந்து அறைக்குள் உண்மையில் வந்த ஒலியளவு. மாடிவீட்டில் இரவு வாசிக்கிறவர்கள் இந்தக் கடைசிப் பட்டியலைக் கொஞ்சம் கவனித்தால் கீழ்வீட்டுக்காரர் நன்றி சொல்வார்.