நகரத்தாரைக் கேளாத நகரத்திட்டம்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மாரியைச் சுண்ணாம்புக் கற்பாறை தன்னுள்ளே தேக்கி வைக்க, அதனைக் கிணற்றில் அள்ளிக் குடித்து வாழ்பவர் நாம். ஆரியகுளமும் புல்லுக்குளமும் பிற குளங்களும் அந்நீருக்கு வழிவிடும் வாயில்கள். நல்ல நீரை உள்ளே விடும் அதே பாறை, கழிவையும் தடுக்காது விடுகிறது. ஒரே வளவிலே கிணறும் மலகூடக் குழியும் அருகருகே இருக்கும் நகரம் இது. குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று அளவு மீறியிருப்பதை ஆய்வாளர் 1980களிலிருந்தே எழுதி வருகின்றனர். ஆகவே இங்கே நகரத்தைத் திட்டமிடுதல் என்பது முதலில் நீரைத் திட்டமிடுதலேயாகும்.

அத்திட்டத்தை வகுப்போர் யார்? 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த நகர அபிவிருத்தி அதிகார சபை கொழும்பு அமைச்சுக்குக் கட்டுப்பட்டது. வரைபடத்தில் நீலக் கோடாகத் தெரியும் வாய்க்கால், கார்த்திகை மழையில் எந்த ஒழுங்கையில் மறித்து நிற்கும் என்பதை அங்கிருப்போர் அறியார். அவ்வொழுங்கையில் குடியிருப்போர் அறிவர். ஆனால் அவர்களைக் கேட்பாரில்லை.

எனவே நாம் ஒன்றை வற்புறுத்துகின்றோம். யாழ்ப்பாண மாநகர சபை, குடிமக்களைக் கொண்ட சுற்றாடல் ஆலோசனைச் சபையொன்றைத் தாமதமின்றி நிறுவுதல் வேண்டும்.

சட்டம் ஏற்கெனவே பாதுகாப்பளிக்கிறதே என்பார் சிலர். அளிக்கிறது, எவ்வளவு என்பதைப் பார்ப்போம். 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம், 1988 இல் திருத்தப்பட்டபின், குறித்த சில பெருந்திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கிற்று. அவ்வறிக்கை மீது கருத்துக்கூறப் பொதுமக்களுக்கு 30 நாள் உண்டு. ஆனால் 1993 இன் வர்த்தமானிக் கட்டளைப்படி, சதுப்பு நிலத்தையோ பிற நிலத்தையோ நிரப்புவது பொதுவாக 4 ஹெக்டேயருக்கு மேற்பட்டாலன்றி இவ்வலையில் அகப்படாது. நமது கணக்கில் அது நூற்றைம்பது பரப்புக்கு மேல்! நகரின் சிறு குளமும் வெள்ளவாய்க்காலும் எந்நாளும் அந்த அளவை எட்டா. பரப்புப் பரப்பாக விழுங்குவோருக்குச் சட்டம் கண்ணை மூடிக்கொள்கிறது. ஆலோசனைச் சபை விழித்திருக்க வேண்டிய இடம் இதுவே.

பிரதேச சபைகளின் நிலை இன்னும் விந்தையானது. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டம், சபையின் குழுக்களில் உறுப்பினரோடு அப்பிரதேச வாசிகளையும் சேர்க்க இடமளித்துள்ளது. சுற்றாடலுக்கென ஒரு குழுவையும் பெயர் சொல்லிக் குறித்துள்ளது. எத்தனை சபைகளில் அக்குழு உயிரோடிருக்கிறது என்பதை உறுப்பினர்களே நெஞ்சைத் தொட்டுச் சொல்லட்டும். கிராமத்தவனுக்குச் சட்டம் தந்த ஆசனத்தை நகரத்தவனுக்கு ஒரு தீர்மானத்தால் வழங்க மாநகர சபைக்குத் தடையென்ன? ஆலோசனை கேட்பது அதிகாரத்தைக் கைமாற்றுவதாகாது.

கேளாமையின் விலையை நாம் அறிவோம். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்த பின்னரே வழக்கு வந்தது. அதனைத் தொடுத்தவர் ஒரு சூழலியல் அமைப்பின் தலைவர். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் மின் உற்பத்தி நிறுவனமொன்றை 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்தப் பணித்தது. நல்ல தீர்ப்புத்தான். ஆனால் வாளியில் எண்ணெய் கண்ட நாளுக்கும் தீர்ப்பு நாளுக்கும் இடையே மக்கள் தண்ணீர்ப் பவுசருக்காகக் காத்து நின்றதை எந்த இழப்பீடு ஈடுசெய்யும்? மீதொட்டமுல்லையில் குப்பைமேட்டுக்கு எதிராக அயலவர் ஆண்டுக்கணக்கில் குரலெழுப்பினர். 2017 ஏப்ரல் 14 இல் அது சரிந்து 32 பேரைப் பலிகொண்டது. அங்கே அறிவுரைக்குப் பஞ்சமிருக்கவில்லை. அதற்கு விடையளிக்கும் கடமைதான் எவருக்கும் இருக்கவில்லை.

ஆகையால் வெறும் பெயர்ச்சபையை நாம் கேட்கவில்லை. தேநீர் அருந்திக் கலையும் குழுக்கள் இந்நாட்டில் போதுமான அளவு உள. திட்டம் கையொப்பமாகுமுன் சபையின் கருத்துப் பெறப்படல் வேண்டும். அக்கருத்தை ஏற்காவிடின், குறித்த நாட்களுக்குள் காரணம் எழுத்தில் தரப்படல் வேண்டும். ஆவணங்கள் தமிழில் இருத்தல் வேண்டும். கூட்டக்குறிப்புகள் எவரும் வாசிக்கக் கிடைத்தல் வேண்டும். பல்கலைக்கழகத்தார் இருக்கட்டும்; ஆனால் அவர்களோடு சுகாதாரத் தொழிலாளியும், கரையோரக் கடற்றொழிலாளியும், கிணற்று நீரின் சுவை மாறியதை முதலில் அறியும் இல்லத்தரசியும் இருக்க வேண்டும். கட்சிக்காரருக்கு அங்கே இடமில்லை. எம்மவருக்கும் சேர்த்தே சொல்கின்றோம்.

மக்கள் தெரிந்த உறுப்பினர் இருக்க இன்னொரு சபை எதற்கு என்ற கேள்வி மேடைக்கு அழகானது. 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தபின், 2025 மே 6 ஆம் திகதித் தேர்தல் வரை, இரண்டாண்டுக்கு மேலாக உறுப்பினரே இல்லாமல் ஆணையாளரின் கையொப்பத்தில் நகரம் நடந்ததை அவ்வாறு கேட்போர் மறந்துவிட்டனர். அன்று ஒரு குடிமக்கள் சபை இருந்திருப்பின், கேட்பதற்கு ஒரு வாயாவது இருந்திருக்கும்.

மாநகர சபையின் அடுத்த பொதுக்கூட்டத்திலேயே இத்தீர்மானம் கொண்டுவரப்படலாம். அதனை முன்மொழிபவர் யார், ஆதரிப்பவர் யார், எதிர்ப்பவர் யார் என்பதைப் பெயர் குறித்து இப்பத்திரிகையில் வெளியிடுவோம்.