எலும்புக்கும் ஒரு பாவு உண்டு

போன மாசம் அம்மா வாசல்படியில வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிஞ்சு போச்சு. அன்னைலேர்ந்து ஐயம்பேட்டையில எங்க தெருவே சொல்ற வைத்தியம் ஒண்ணுதான்: "கால்சியம் குடுங்க!" பால், டிவி விளம்பரத்துல வர்ற பவுடர், முட்டை ஓட்டுப் பொடி கூட... எலும்புன்னா சுண்ணாம்புச் சுவர், பூசப் பூச கெட்டியாயிடும்னு நினைப்பு.

இல்லீங்க. ஒரு கோழி எலும்பை வினிகர்ல ஒரு வாரம் ஊறப் போட்டுப் பாருங்க. தாது பெரும்பாலும் கரைஞ்சிடும். எலும்பு அதே வடிவத்துல இருக்கும், ஆனா ரப்பர் மாதிரி வளையும். அந்த மிச்சம்தான் கொலாஜன் என்கிற புரதம். உடம்பில் செல்கள் முதலில் இந்த இழைகளைத்தான் பரப்புகின்றன. பிறகுதான், இழைக்குள் 67 நானோமீட்டருக்கு ஒருமுறை வரும் இடைவெளிகளில் கால்சியமும் பாஸ்பேட்டும் படிந்து படிகமாக வளர்கின்றன. படிகம் எந்தத் திசையில் வளரணும்னு தீர்மானிக்கறது இழை. நம்ம தறிக் கணக்குல சொன்னா, பாவு இல்லாம ஊடையை மட்டும் எத்தனை கிலோ வாங்கி அடுக்கினாலும் சேலை வராது. (உவமை கொஞ்சம் இழுக்குது, தெரியும் :-))

கொலாஜன் மரபணுவில் பிறவிப் பழுது உள்ள குழந்தைகளுக்கு, ரத்தத்தில் கால்சியம் சரியாகவே இருந்தும் சின்னத் தட்டலுக்கே எலும்பு முறிகிறது.

எனக்கு ஆத்திரமே வர்ற இடம் இதுதான். கொலாஜன் என்பது மூணு இழை முறுக்கின கயிறுன்னு கண்டு சொன்னது நம்ம சென்னையில! 1954-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். அடையாறு தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கிடைத்த கங்காரு வால் தசைநாரை வைத்து. (ஆமாங்க, கங்காருதான்.) பட்டு நூல் முறுக்கிப் பிழைக்கிற ஊர்ல இதைக் கேட்டா ஒருத்தருக்கும் தெரியலை. விளம்பர மாவு பேரு மட்டும் எல்லாருக்கும் அத்துப்படி.

கால்சியம் வேணாம்னு சொல்ல வரலை. டாக்டர் குடுத்த மாத்திரையை அம்மா ஒழுங்கா போட்டுக்கறாங்க. கூடவே பருப்பு, முட்டை, நெல்லிக்காயும் தட்டுல இருக்கணும்ங்கறேன். வைட்டமின் சி இல்லாட்டி அந்த மூணு இழைக் கயிறு உறுதியா நிக்காது.

இவ்வளவும் சொல்லி முடிச்சதும் அம்மா கட்டுப் போட்ட கையோட கேட்டாங்க: "அப்ப சாயங்காலப் பால் வேணாமா?"

காய்ச்சி வெச்சிருக்கேன்.