பூட்டிக் கிடக்கும் அறிவு

நுவரெலியாவுக்கு அருகே கந்தப்பளையில் ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை நெடுங்காலம் மூடிக் கிடந்தது. 1996இல் அது சுற்றுலா விடுதியாகத் திறக்கப்பட்டது. பழைய இயந்திரங்கள் சில இன்றும் அங்கே நிற்கின்றன. பூட்டியபடியே துருவேறிப் போன தொழிற்சாலைகளும் மலையகத்தில் உண்டு. நிறுவனங்கள் கைவிட்ட கணினி ஆய்வுகளுக்கும் இந்த இரு கதிகள்தாம்.

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில், யுனிக்ஸைப் படைத்த குழுவினர் 1980களின் பிற்பகுதியில் தொடங்கிய ஆய்வு இயங்குதளம் 'பிளான் 9'. அதற்காக 1992 செப்டம்பரில் கென் தாம்சனும் ராப் பைக்கும் வகுத்ததே யூடிஎஃப்-8. யூனிகோட் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண்ணைத் தந்தது. அந்த எண்களைக் கணினியில் பைட்டுகளாக எழுதும் முறை இது. நமது 'அ' அதில் மூன்று பைட்டுகள்.

அதற்கு முன் நம் நிலை என்ன? ஆளுக்கோர் எழுத்துரு. பாமினியில் தட்டச்சிட்டு அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாதவரின் திரையில் ஆங்கில எழுத்துகளே குவியும். இன்று ஹற்றனில் எழுதியதை டொரொன்டோவில் இருப்பவர் அப்படியே வாசிக்கிறார்.

இந்த முறை 1993 ஜனவரியிலேயே பொது மாநாட்டில் முன்வைக்கப்பட்டது. எவரும் பயன்படுத்தலாம் என்பதால் உலகெங்கும் பரவியது. அதைப் பெற்றெடுத்த இயங்குதளத்தின் கதையோ வேறு. 1995இல் 350 டொலருக்கு விற்கப்பட்டது. 2000இல் மூலநிரல் திறக்கப்பட்டபோதும், உரிமத்தின் நிபந்தனைகளைக் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தினர் ஏற்கவில்லை. 2014இல் ஜிபிஎல் உரிமத்தில் கிடைத்தது. 2021இல்தான் நோக்கியா அதன் உரிமையைப் பிளான் 9 அறக்கட்டளையிடம் ஒப்படைத்தது. எம்ஐடி உரிமமும் வந்தது. அதற்குள் லினக்ஸ் உலகை ஆண்டுகொண்டிருந்தது. தாமதம் மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் காலம் யாருக்கும் காத்திருப்பதில்லை.

நிறுவனங்களின் தரப்பிலும் நியாயம் உண்டு. நிரலில் பிறருடைய காப்புரிமைகள் கலந்திருக்கலாம்; அவற்றைப் பிரித்தெடுக்கச் செலவாகும். அப்படியாயின், பிரிக்கத் தெரிந்தவர்கள் வேலையில் இருக்கும்போதே, திட்டத்தை மூடும் நாளிலேயே, அதைச் செய்வதுதான் முறை. ஆட்கள் கலைந்தபின் எஞ்சுவது யாருக்கும் புரியாத நிரல்தான். மைக்ரோசாஃப்ட் 2008இல் தனது 'சிங்குலாரிட்டி'யை வெளியிட்டதுபோல் வணிகமல்லாத ஆய்வுக்கு மட்டும் என்று கட்டுப்படுத்துவதும் அரைக் கதவைத் திறப்பதே.

இலாபம் தராது என்று கைவிட்டதை ஏன் காவல் காக்க வேண்டும்? அதற்குள் நம்மைப் போன்ற ஒரு சிறிய மொழிக்கான திறவுகோல் இருக்கக்கூடும். உள்ளே இருப்பது எது என்பதைக் கதவு திறந்தபின்தானே அறிய முடியும்?