இரண்டாவது பேஸ் எதற்கு?

செகந்திராபாத்துக்கு வடகிழக்கே உள்ள சைனிக்புரி, ஓய்வுபெற்ற படைவீரர்களுக்காக உருவான குடியிருப்பு. இன்று தனி வீடுகளுக்கு நடுவே அடுக்ககங்களும் காபிக் கடைகளும் முளைத்துவிட்டன. கூடவே, மாலை வேளைகளில் கிடார் உறையை முதுகில் மாட்டிக்கொண்டு போகும் இளைஞர்களும். சில உறைகள் வழக்கத்தைவிட நீளமானவை. உள்ளே இருப்பது பேஸ் கிடார். தந்தியின் நீளம் மட்டுமே சாதாரணமாக 34 அங்குலம்.

பேஸ் பழகுபவருக்கு இரண்டாம் ஆண்டிலோ மூன்றாம் ஆண்டிலோ ஒரு தேக்கம் வரும். விரல் ஓடும், ஒலி மட்டும் மனதில் இருப்பது போல வராது. சந்தேகம் உடனே கருவியின் மேல் விழுகிறது. முதல் கிடார் பெரும்பாலும் அப்பா வாங்கித் தந்தது. கடையில் இருந்ததிலேயே மலிவானது. இரண்டாவது சொந்தச் சம்பளத்தில் வாங்குவது. ஒரு மாதச் சம்பளம், சில சமயம் இரண்டு மாதச் சம்பளம் அதில் போகிறது. தேர்வு தவறினால் நஷ்டம் பணத்தோடு நிற்பதில்லை. விலை உயர்ந்த கருவியிலும் அதே ஒலிதான் என்றால், குறை தன் கையில்தான் என்று முடிவு கட்டிக்கொண்டு வாசிப்பதையே விட்டுவிடுபவர்கள் உண்டு.

ஆகவே முதல் செலவு பழைய கிடாருக்கு. ஹைதராபாத்தில் மே மாதம் வெயில் 40 டிகிரியைத் தாண்டும், காற்று வறண்டுபோகும். அடுத்த மாதமே மழை, ஈரம். மரம் இதற்கெல்லாம் அசைந்துகொடுக்கும். கழுத்துப் பகுதி மெல்ல வளையும். தந்தி உயர்ந்து விரலை வதைக்கும், அல்லது தாழ்ந்து ஃப்ரெட்டில் உரசி இரையும். கழுத்துக்குள் ஓடும் இரும்புத் தண்டை விவரம் தெரிந்தவர் சிறிது திருகி, தந்தி உயரத்தைச் சரிசெய்து, புதுத் தந்தி மாட்டினால் பாதிக் குறைகள் அங்கேயே தீர்ந்துவிடும். செலவு, புதுக் கிடார் விலையில் ஒரு சிறு பங்கு.

ஒரே கிடாரில் சரித்திரம் படைத்தவரும் இருக்கிறார். அமெரிக்காவின் மோடவுன் நிறுவனப் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் தன் 1962 ஃபெண்டர் பிரிசிஷன் பேஸை விட்டு அதிகம் விலகவில்லை. தந்திகளைக்கூட அபூர்வமாகத்தான் மாற்றினார். வலது கையில் பெரும்பாலும் ஆள்காட்டி விரல் ஒன்றுதான் வேலை செய்தது.

மறுபுறம் பால் மெக்கார்ட்னி. 1961இல் ஹாம்பர்க்கில் வாங்கிய எடை குறைந்த, தந்தி நீளமும் குறைந்த ஹாஃப்னர்தான் அவருடைய முதல் பேஸ். 1965இல் ரிக்கன்பேக்கர் பேஸைப் பதிவு அறைக்குக் கொண்டுவந்தார். ஹாஃப்னரை அதற்காகக் கைவிடவில்லை. புதிய கருவி வேறொரு ஒலியைத் தந்தது, அவ்வளவுதான்.

இரண்டாவது கிடாருக்கு இதுதான் அளவுகோல். முதலாவதால் முடியாத எதை அது செய்யப் போகிறது? பதிலை ஒரே வாக்கியத்தில் சொல்ல முடியாதவர் இன்னும் ஆறு மாதம் பொறுக்கலாம்.

பதில்கள் பலவிதம். 1951இல் வந்த பிரிசிஷன் வகை, திடமான ஒற்றை ஒலிக்குப் பேர்போனது. 1960இல் வந்த ஜாஸ் பேஸில் இரண்டு பிக்கப், மெலிந்த கழுத்து. ஒலியைப் பல விதமாக மாற்றலாம், சிறிய கைக்கும் வசதி. மெல்லிசைக் குழுவில் வாசிப்பவருக்கு ஐந்து தந்தி உதவும். பாடகரின் குரலுக்காகச் சுருதியை இறக்கும்போது நான்கு தந்தி பேஸ் 41 ஹெர்ட்ஸில் நின்றுவிடும், ஐந்தாவது தந்தி 31 வரை போகும். ஆனால் கழுத்து அகலமாகும், எடையும் கூடும். ஃப்ரெட் இல்லாத பேஸில் கமகம் வழுக்கிக்கொண்டு வரும். கூடவே சுருதியும் வழுக்கும். காது பழுத்த பிறகு வாங்க வேண்டியது அது. 9 வோல்ட் பேட்டரியில் இயங்கும் ஆக்டிவ் வகை என்றால், வாசித்து முடித்ததும் கேபிளைக் கழற்ற மறக்கக் கூடாது. செருகியே இருந்தால் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும்.

செல்போனில் வீடியோ பார்த்து முடிவெடுப்பது ஆபத்து. பேஸின் அடி ஒலி அந்தச் சின்ன ஸ்பீக்கரில் வருவதே இல்லை. பழைய கிடாரையும் கடைக்கு எடுத்துச்சென்று, ஒரே ஆம்ப்ளிஃபயரில், ஒரே பாடலை இரண்டிலும் வாசித்துப் பார்ப்பது நல்லது. பிறகு வார்ப்பட்டையை மாட்டி அரை மணி நேரம் நிற்க வேண்டும். நான்கு கிலோவுக்கு மேல் போகும் கருவியைப் பற்றித் தோள்பட்டை உண்மையைச் சொல்லிவிடும். பழசு வாங்குபவர் கழுத்தை ஒரு கண்ணால் நீளவாட்டில் பார்க்க வேண்டும், இரும்புத் தண்டு திரும்புகிறதா என்று கேட்க வேண்டும், ஒவ்வொரு ஃப்ரெட்டையும் அழுத்தி மீட்ட வேண்டும்.

இளையராஜாவின் பாடல்களில் பேஸ் தனிக் குரலாகவே பாடுவதைத் தமிழ்க் காதுகள் அறியும். வாசித்த சசிதரனின் பெயர் பலருக்குத் தெரியாது. ரஹ்மானுக்கு வாசித்த கீத் பீட்டர்ஸுக்கும் ஏறக்குறைய அதே நிலைதான். அவர்கள் எந்தக் கிடார் வைத்திருந்தார்கள் என்று கேட்ட ரசிகர்கள் அதைவிடக் குறைவு. பாட்டு நின்றுவிட்டது, அது போதும்.