தானப் பத்திரத்தில் ஏறாத தெரு

ஓசூரைச் சுற்றி இன்றைக்கு நிலம் விற்கிறவனும் வாங்குகிறவனும் முதலில் பேசுவது ரோட்டைப் பற்றித்தான். "முப்பதடி ரோடு சார், தார் போட்டு பஞ்சாயத்துக்கு ஒப்படைச்சாச்சு." எழுபதுகளில் சிப்காட் வந்ததில் தொடங்கி டாடா எலெக்ட்ரானிக்ஸ் வரை ஆலைகள் பெருகப் பெருக, ராகியும் ரோசாவும் விளைந்த மண் மனைப்பிரிவுகளாகிக் கொண்டிருக்கிறது. அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி பெங்களூரு விலை இந்தப் பக்கம் வழிகிறது.

மனைப்பிரிவுக்கு ஒப்புதல் வேண்டுமென்றால் உள்ளேயிருக்கும் தெருக்களை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிய பின் தெரு பொதுச்சொத்து. பராமரிப்பது உள்ளாட்சியின் கடமை. இந்த விதியை ஏய்த்தே பல ஆண்டுகள் வியாபாரம் நடந்தது. 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளின் பத்திரப்பதிவுக்கு சென்னை உயர்நீதிமன்றம் தடை போட்டது. 2017இல் வரன்முறை விதிகள் வந்தன. பணம் கட்டு, தெருவை ஒப்படை, சரி. ஆக, விதியை மீறியவனிடமிருந்தும் தெருவை வாங்கிக்கொள்ள அரசுக்கு வழி தெரிகிறது.

சேரித் தெருவுக்கு மட்டும்தான் வழி தெரியவில்லை. 1978ஆம் ஆண்டின் 31ஆம் சட்டப்படி ஆதிதிராவிடர் நலத்துறை நிலம் எடுத்து மனைப்பட்டா தருகிறது. பட்டா கைக்கு வரும், பாதை வராது. மனைக்கும் பெரிய ரோட்டுக்கும் நடுவில் யாரோ ஒருவருடைய பட்டா நிலம் கிடக்கும். துறையைக் கேட்டால், "மனை குடுத்தாச்சு, ரோடு பஞ்சாயத்து பாத்துக்கும்." பஞ்சாயத்தைக் கேட்டால், "நிதி இல்லப்பா, அது நலத்துறை எடம்." இரண்டு கோப்புகளுக்கு நடுவே மழைக்காலத்தில் முழங்கால் சேறு. அந்தச் சேற்றைத் தாண்டித்தான் நம் பெண்கள் விடியற்காலை ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் பிடிக்க ஓடுகிறார்கள்.

ஊராட்சி, ஒன்றியச் சாலைகளில் 10,000 கிலோமீட்டரைப் பத்தாண்டுகளில் இதர மாவட்டச் சாலைகளாக்கி நெடுஞ்சாலைத்துறை ஏற்கும் என்று 2021இல் அரசு அறிவித்தது. நல்லதுதான். ஆனால் அகலமும் போக்குவரத்தும் பார்த்துப் பொறுக்கினால், பஸ்ஸே நுழையாத தெரு எந்தக் காலத்தில் பட்டியலில் ஏறும்? 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். பெயர் போகட்டும், நமக்கும் சந்தோசம். சேறும் கூடவே போகணும் அல்லவா?

இது வெறும் தார் விவகாரம் இல்லை தோழர்களே. 1924இல் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம், பொதுச்சாலையிலும் தெருவிலும் எந்தச் சாதியாரும் நடக்கலாம் என்றது. 'பொது' என்ற அந்த ஒற்றைச் சொல்லில்தான் நம் கால் நின்றது. அந்தச் சமயத்தில் பாலக்காடு கல்பாத்தியில் மூண்ட சண்டையே, அக்ரகாரத் தெரு பொதுத்தெருவா இல்லையா என்பதுதான். 'தனியார்' என்றொரு பலகை போதும், சாதி அதன் பின்னால் சௌகரியமாக உட்கார்ந்துகொள்ளும். உத்தப்புரத்துச் சுவரில் 2008இல் ஒரு பகுதியை இடிக்க எத்தனை போராட்டம் தேவைப்பட்டது! இங்கே மனைப்பிரிவைச் சுற்றிச் சுவரும் கேட்டும் வாட்ச்மேனும் முளைக்கும்போது அதை யாரும் தீண்டாமைச் சுவர் என்று சொல்வதில்லை, 'செக்யூரிட்டி' என்கிறார்கள். பின்னால் உள்ள சேரியின் வண்டிப்பாதை அந்தச் சுவருக்குள் போய்விட்டதா என்று எவன் பார்க்கிறான்?

நாம் பார்க்க வேண்டும். தெரு தானமாக எழுதப்பட்டிருந்தால் அந்தக் கேட்டுக்குச் சட்டத்தில் இடமில்லை. சேரியைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஒவ்வொரு மனைப்பிரிவின் ஒப்புதல் வரைபடத்தையும் தானப் பத்திரத்தையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். பழைய புலப்படத்தோடு வைத்துப் பாருங்கள். மறைந்துபோன பாதையைக் குறித்து மனுவாக்குங்கள். 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வழக்கமான வழியை மறிப்பதைக் குற்றம் என்கிறது. அதையும் மனுவில் சேருங்கள். 2019இல் மாநகராட்சியான ஓசூருக்குள் ஆணையரிடமும், வெளியே சூளகிரி, தளி, கெலமங்கலம் ஒன்றியங்களில் கிராமசபையிலும் கொடுங்கள். பட்டா நிலம் குறுக்கே நின்றால் அதே 1978 சட்டத்தின்கீழ் பாதைக்கும் நிலம் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். புலப்படம் படிக்கத் தெரிந்த மாணவர்கள் ஒன்றியத்துக்கு இரண்டு பேர் இருந்தால் வேலையை இந்த மாதமே தொடங்கலாம்.